ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ

திருகோணமலை மூதூர் தனியார் பஸ்ஸில்
விடிய ஐந்தே முக்காலிலிருந்து
என் இடக்கை காசுத்தாள் பிடிக்கும்:
இருபது, சின்னிக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில்,
ஐம்பது அடுத்த இடுக்கில்,
நூறு அதற்கடுத்து.
வலக்கைக்குக் கம்பியைப் பிடிப்பது மட்டும் வேலை.
சும்மா இருக்கிற கையைச் சும்மா விடுவானேன் என்று
அந்தக் கம்பியிலேயே பழகத் தொடங்கினேன்.

சின்னி, மோதிரம், நடு, சுட்டு.
சின்னி, மோதிரம், நடு, சுட்டு.
ஒவ்வொன்றும் உரசிப் போகப் போக
எதிர்ப்பக்கம் நின்று பெருவிரல்
அப்போதைக்கப்போதே திருப்பித் தள்ளவேண்டும்.
ஃபேடர் என்பது ஒரு சின்னக் கதவு.
நாலு பேர் தட்டித் திறக்கிறார்கள்,
ஒருத்தன் நாலு தரமும் சாத்துகிறான்.
இந்த வெட்டுக்குப் பெயர் நண்டு.
வெள்ளைமணல் கரையில் பார்த்திருக்கிறேன்,
நண்டின் ஒரு கால் மற்றக் காலுக்காகக் காத்து நிற்பதில்லை.
என் மோதிரவிரல் நிற்கிறது.
நடுவிரலின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழும்புகிறது,
மேசனுக்குப் பின்னால் போகிற கையாள் மாதிரி.

உப்புவெளியில் மாரிக்குப் பூட்டிய ஹோட்டலில்
இரண்டு டர்ன்டேபிள்
படங்குக்கு அடியில் கிடக்கின்றன.
காவலுக்கு நிற்கிற பெலிசியன்
இரவு ஒன்பதுக்குப் பிறகு திறந்துவிடுவான்.
ஸ்பீக்கர் போடக்கூடாது, அதுதான் பேச்சு.
ஹெட்போன் மாட்டிக்கொண்டு
நிமிடத்துக்கு அறுபதில் தொடங்குவேன்.
இடக்கை தட்டை முன்னே தள்ளிப் பின்னே இழுக்கும்,
வலக்கை வெட்டும்.
நாலு துண்டு விழவேண்டிய இடத்தில்
மூன்று துண்டும் ஒரு கூழும் விழும்.
பெலிசியனுக்குக் கேட்பதெல்லாம்
பிளாஸ்டிக்கில் நகம் மோதுகிற சத்தம்.
"பல்லி இதைவிட ஒழுங்காச் சொல்லும்" என்பான்.

மழை பிடித்த ஒரு செவ்வாய்,
சீனக்குடாச் சந்தி.
பின்கதவுத் தகரத்தில் என் விரல்கள்.
எங்கள் பஸ்ஸில் மணி செத்து மூன்று மாதம்:
ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ.
நாலு தட்டுக்கு நிமலசிறி அண்ணன் என்ன செய்வார்?
இரண்டு மடங்கு வேகத்தில் போனார்.
ஏறக் கால் வைத்த பெண் றோட்டிலேயே நின்றாள்.
அவளுடைய செருப்பொன்று மட்டும்
டிக்கட் எடுக்காமல்
கிண்ணியாப் பாலம் கடந்தது.

அடுத்த நாள் அதே சந்தி, அதே ஆள், வேறு செருப்பு.
ஷொப்பிங் பையில் சுற்றிவைத்ததை நீட்டினேன்.
அவள் பையைப் பார்க்கவில்லை.
"கையில என்ன வருத்தம்? நடுக்கமா?"
பிறேமிளா, ஆஸ்பத்திரியில்
எலும்பு முறிவு வாட்டு நேர்ஸ்.
சொல்லத் தெரியாமல் சொன்னேன்:
தட்டு, ஊசி, கதவு, நண்டு.
டிக்கட் புத்தகத்தின் மேல் என் கையைக் கவிழ்த்து
நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துவிட்டு,
"இப்ப மோதிரவிரலைத் தூக்குங்கோ."

அது வரவில்லை.
என் விரல்தானா, வேறு யாருடையதா?

பக்கத்துச் சீட்டுக்காரர் தன் மடியில் வைத்துப் பார்த்தார்.
வரவில்லை.
நெத்தலிப் பெட்டியோடு வந்த இஸ்மத் நானா
பெட்டி மூடியில் வைத்துப் பார்த்தார்.
ரியூஷன் பிள்ளைகள் கொப்பியில்.
பாலம் முழுக்க ஒரு பஸ் சனம்
ஒற்றை விரலைத் தூக்கத் தெண்டித்துச் சிரித்தது.
"தசைநாணை நடுவிரலோட சேர்த்துக் கட்டியிருக்கு.
பஞ்சியில்லை. எல்லாருக்கும் பிறப்பு அப்படி."

அன்றிரவு அதை எழும்பச் சொல்லவில்லை.
விழச் சொன்னேன்.
நாலு விரலையும் முதலே உயர்த்தி வைத்து
முழங்கையைக் கொஞ்சம் விரித்து
நாற்பத்தெட்டில்.
நெடுநேரம் கூழ்.
பதினொன்றரைபோல
ஹெட்போனுக்குள் நாலு துண்டு,
வெங்காயம் அரிந்தமாதிரி.
கையை எடுத்துவிட்டேன்.
"என்னடா, நிப்பாட்டிட்டாய்?" என்றான் பெலிசியன்.

அடுத்தது மூன்று.
அதற்கடுத்தது மூன்று.
பிறகு ஒன்று, மூன்றரை என்று வைத்துக்கொள்ளலாம்.
ஐந்தே முக்காலுக்கு பஸ்.